விக்டோரியா காலம் என்னும் சொல்

காலத்துக்குப் பெயரிட்டு வழங்கும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடத்தும் உண்டு. நம் முன்னோர் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகளுக்குப் பெயர் வைத்தனர். தமிழிலக்கிய வரலாறு எழுதியோர் சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம் என வகுத்தனர். நாம் வாழும் கண்டி நகரின் வரலாற்றிலும் 1739 முதல் 1815 வரையுள்ள பகுதி நாயக்க மன்னர் காலம் என்றே பேசப்படுகின்றது. ஆங்கிலேயர் தம் அரசர் அரசியரின் பெயர்களையே தம் காலங்களுக்கு இட்டனர். அவ்வாறு எழுந்த சொற்களுள் நம் பாடநூல்களிலும் பேச்சிலும் மிகுதியாகப் புழங்குவது 'விக்டோரியன்' என்பதாகும். அச்சொல்லின் பொருள் யாது, அது நம் மலைநாட்டுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சொல் ஒன்றைப் பற்றி நமக்கென்ன என்று இளைஞர் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோரின் குடும்பங்கள் இம்மலைகளுக்கு வந்தது அச்சொல் குறிக்கும் காலத்திலேதான். நம் ஊரின் புகையிரதப் பாதையும் தேயிலைத் தோட்டமும், ஏன், நம் சங்கத்தின் அமைப்பும் அக்காலத்தோடு தொடர்புடையவை. ஆதலால் இது வேற்று நாட்டாரின் சொல்லாயினும் நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

சொல்லின் பிறப்பு

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் முதலில் மயங்குவது இக்காலப் பெயர்களிலேதான். எட்டாம் ஹென்றி முதலானோரின் காலத்தை டியூடர் காலம் என்பர். அது குடும்பப் பெயரால் வந்தது. முதலாம் எலிசபெத்து ஆண்ட 1558 முதல் 1603 வரையுள்ள காலம் எலிசபெத்தன் எனப்படும். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலம் ஜேம்சியன் எனப்படாமல் ஜக்கோபியன் எனப்படுகின்றது. காரணம், ஜேம்ஸ் என்னும் பெயரின் இலத்தீன் வடிவம் ஜக்கோபஸ். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு இது விளங்குதல் எளிது. ஆங்கில வேதாகமத்தில் ஜேம்ஸ் என வருபவர் தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு என்றே வருகிறார். சார்ள்ஸ் என்பது கறோலஸ் ஆனமையாற் கறோலின் காலம் பிறந்தது. 1714 முதல் அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜோர்ஜ் மன்னரால் ஜோர்ஜியன் காலமும், 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வேட் மன்னரால் எட்வேடியன் காலமும் பெயர் பெற்றன.

இவற்றுக்கிடையில் நிற்பதே விக்டோரியன் காலம். 1837ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தம் பதினெட்டாம் வயதில் அரியணை ஏறிய விக்டோரியா மகாராணியார் 1901ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் காலமாகும் வரை ஆண்டார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆட்சி அது. முதலில் அச்சொல் அரசியாரின் ஆட்சிக்குரியது என்பதை மட்டுமே குறித்தது. 1875இல் அமெரிக்கரான ஸ்டெட்மன் என்பவர் 'விக்டோரியன் கவிஞர்கள்' என ஒரு நூல் வெளியிட்டபோது, அரசியார் உயிரோடிருக்கும்போதே அவர் பெயர் ஓர் இலக்கியக் காலத்தின் பெயராக நிலைபெறத் தொடங்கிவிட்டது.

பின்னர் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் ஏறிற்று. ஒழுக்கம், சிக்கனம், உழைப்பு, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, வெளிப்பேச்சில் அடக்கம் ஆகியவற்றை வற்புறுத்தும் மனப்பான்மைக்கு அது பெயராயிற்று. 1918இல் லிட்டன் ஸ்டிரேச்சி என்னும் ஆசிரியர் அக்காலத்துப் பெரியோர் நால்வரின் வாழ்க்கையை எள்ளல் தோன்ற எழுதி வெளியிட்டபின், விக்டோரியன் என்றால் வெளிவேடம், வீண் கட்டுப்பாடு, பழங்கொள்கை என்னும் பொருளும் சேர்ந்துகொண்டது. அக்காலத்தார் பியானோவின் கால்களுக்குக் கூட நாணித் துணி சுற்றினர் என்றொரு கதை உலவுகின்றது. அது அக்காலத்து ஆங்கில வீடுகளின் வழக்கமன்று. அமெரிக்கரைக் கேலி செய்து சொல்லப்பட்ட ஒரு கதை பின்னாளில் ஆங்கிலேயர் மேலேயே ஏறிக்கொண்டது. ஒரு காலத்தைப் பற்றி நாம் அறிந்தனவாக எண்ணுவனவற்றுள் எத்தனை இவ்வாறு வந்தவை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஆகவே ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, ஆண்டுக் கணக்கு, இரண்டு, புகழ்ச்சி, மூன்று, இகழ்ச்சி. இம்மூன்றும் இங்கிலாந்தில் இருந்தவர்கள் இங்கிலாந்தை நோக்கிச் சொன்னவை என்பதை மறத்தலாகாது. அங்கேயும் எல்லாருக்கும் அக்காலம் ஒரு தன்மைத்தாய் இருக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியிற் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் வேலை செய்தலாகாது என்று 1842இற் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அதுவரை செய்து வந்தனர் என்பதே அதன் பொருளன்றோ? மாளிகையில் இருந்தவருக்கும் சுரங்கத்தில் இருந்தவருக்கும் காலத்தின் பெயர் ஒன்று, வாழ்வு வேறு.

அறுபதாண்டுச் சக்கரமும் அரசியாரும்

நம் பஞ்சாங்கக் கணக்கின்படி விக்டோரியா மகாராணியார் அரசேறியது ஏவிளம்பி ஆண்டில். அறுபது ஆண்டுகள் நிறைந்து வைர விழாக் கொண்டாடப்பட்ட 1897ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் ஏவிளம்பியே நடந்தது. சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. அவர் காலமான 1901 ஜனவரி சார்வரி ஆண்டுக்குள் அடங்கும். ஒரு மனிதருக்கு அறுபது நிறைந்தாற் சாந்தி செய்து கொண்டாடும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், ஓர் ஆட்சிக்கே அறுபது நிறைந்தது எத்துணை அரிது என்பது தெளிவாகும். நுவரெலியாவிலுள்ள பூங்காவுக்கு விக்டோரியா என்னும் பெயர் இட்டதும் அந்த வைர விழாவின் நினைவாகவே.

இனி அச்சக்கரத்தின் நடுவில் உள்ள ஓர் ஆண்டை மட்டும் பார்ப்போம். 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் டில்லி மாநகரில் பெருந் தர்பார் கூடிற்று. விக்டோரியா மகாராணியார் இந்தியாவின் சக்கரவர்த்தினி என முழங்கப்பட்டார். அதே வேளையிற் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, ஏரிகள் வற்றி, மக்கள் ஊர் ஊராக வெளியேறிக் கொண்டிருந்தனர். அது தாது ஆண்டு. அப்பஞ்சத்தைத் தமிழ்நாட்டார் தாது வருடப் பஞ்சம் என்றே சொல்லினர். அதன் துயரம் கும்மிப் பாட்டாகவும் பாடப்பட்டது. பஞ்சத்துக்குத் தப்பிய ஏழை மக்களிற் பெருந்தொகையினர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களை நாடி வந்தனர்.

ஒரே ஆண்டு, இரண்டு பெயர்கள். ஆட்சி செய்தவரின் ஏட்டில் அது சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டிய ஆண்டு. ஆளப்பட்டவரின் நாவில் அது தாது வருடப் பஞ்சம். காலத்துக்குப் பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கின்றது என்பதைப் பொறுத்தே நாம் எதை நினைவிற் கொள்வோம், எதை மறப்போம் என்பதும் அமைகின்றது. விக்டோரியன் என்னும் சொல்லைப் பற்றி நாம் சொல்ல விழைவது இதுவே.

மலைநாட்டில் அக்காலம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தத்தால் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசுரிமை நீங்கிற்று. கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய அம்மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு அங்கே 1832இற் காலமானான். அவனுடைய சுற்றத்தார் இருந்த தெரு இன்றும் மலபார் வீதி என வழங்குகின்றது. ஆகவே விக்டோரியா அரசேறுங்காற் கண்டி ஆங்கிலேயர் கையில் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தேசாதிபதி பாண்ஸ் காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போடப்பட்டிருந்தது. கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டமும் தொடங்கியிருந்தது.

புதிய ஆட்சியின் மூன்றாம் ஆண்டாகிய 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் தரிசும் முடிக்குரிய நிலம் எனக் கொள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாக விறகு எடுத்தும் மாடு மேய்த்தும் சேனைப் பயிர் செய்தும் வந்த கண்டிக் கிராமத்தார் கையிற் பத்திரம் ஏது? அவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் குறைந்த விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கினர். 1848இல் நாய் வரி, துப்பாக்கி வரி, கடை வரி, பாதை வேலை ஆகியவை ஒருங்கே வந்தபோது மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கொங்காலேகொட பண்டா மன்னனாக முடி சூட்டப்பட்டான். கிளர்ச்சி அடக்கப்பட்டது. புரன் அப்பு என்னும் வீரன் 1848ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். நாம் விளையாடவும் வேடிக்கை பார்க்கவும் செல்லும் போகம்பரைப் பகுதியின் வரலாற்றில் இதுவும் ஒன்று. தேசாதிபதி டொறிங்டன் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார் என்றாலும் நிலம் திரும்பவில்லை.

காடு தோட்டமாக வேண்டுமாயின் கைகள் வேண்டும். அக்கைகள் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தன. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து வன்னிக் காட்டினூடே மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடை. நீரின்றியும், வாந்திபேதியாலும், அம்மை நோயாலும் வழியில் விழுந்தவர் பலர். விழுந்தவர்க்குக் கல்லறை இல்லை. பெயர் எழுதிய ஏடும் இல்லை. நடை முடிந்து மாத்தளையை அடைந்தவர் மாரியம்மனை நினைந்து கும்பிட்டனர். அவ்வூரில் 1874இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு நாம் குடும்பத்தோடு செல்லும்போது, அது வெறும் திருவிழா அன்று, உயிர் தப்பியவரின் நன்றி என்பதை நினைவிற் கொள்வது தகும்.

கோப்பிக் காலத்தில் வந்தவர் பலர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இற் கோப்பி இலையிற் செம்மஞ்சட் பொடியாய்த் தோன்றிய நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அப்பயிரையே அழித்துவிட்டது. துரைமார் பலர் கடனாளிகளாகி வெளியேறினர். அதற்கு முன்னரே 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களின் கை வேண்டும். ஆகவே வந்தவர் குடும்பத்தோடு தங்கினர். லயன் காம்பிராவும், கங்காணியும், பெரட்டுக் களமும், கடன் தீராமல் தோட்டம் மாற இயலாதபடி கட்டி வைத்த துண்டு முறையும் நிலைத்தன. துண்டு முறை ஒழிந்தது 1921இலேயே. நம் பாட்டன் பூட்டன்மார் இந்நாட்டவர் ஆனது இவ்வாறே.

ரெயிலர் 1892இல் தம் தோட்டத்திலேயே காலமானார். தொழிலாளர் அவர் உடலைச் சுமந்து கண்டிக்குக் கொணர்ந்தனர். மகாய்யாவ மயானத்தில் அவர் கல்லறை இருக்கின்றது. அவர் உழைப்பாளி, தேயிலையைத் தம் கையாலேயே பதம் பார்த்துப் பழகியவர், அவர் பெயரை மறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவரைச் சுமந்து வந்த தோள்களுக்கு உரியவர் யாவர்? பெயர் ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. விக்டோரியன் காலம் என்னும் சொல்லுக்கு மலைநாட்டிலே உள்ள பொருளை ஒருவர் கேட்பாராயின், பெயர் எழுதிய கல்லறை ஒன்றும், பெயர் எழுதாத தோள்கள் பலவும் என்றே நாம் விடை கூறுவோம்.

இது வெறும் உருக்கத்துக்காகச் சொன்னது அன்று. 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் எனவோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் எனவோ காட்டவேண்டும் என்றது. பாட்டனும் பூட்டனும் பிறந்த காலம் எது? விக்டோரியா காலமே. அன்று லயத்தில் நிகழ்ந்த பிறப்புக்களில் எத்தனை பதியப்பட்டன? எழுதப்படாத அப்பிறப்பு, பேரன் தலையெடுத்த காலத்தில் அவன் நாட்டையும் வாக்கையும் ஒருங்கே பறித்தது. அக்குறை முழுவதும் நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கடந்த காலத்துக்குப் பெயரிடுவதும் பெயர் பதிவதும் ஏட்டுச் சுரைக்காய் என்று இனி யார் சொல்ல வல்லார்?

நம்முள் இருக்கும் விக்டோரியா

அக்காலம் தந்த துன்பத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அக்காலத்தின் கருவிகளை எடுத்து நம்மவர் தம் கருமத்துக்குப் பயன்படுத்திய வரலாறும் உண்டு.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இற் பிறந்த ஆறுமுக நாவலர், மிஷன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை புரிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரிடம் கண்ட பிரசங்கம், அச்சுக்கூடம், வகுப்பு வகுப்பான பாலபாடம் ஆகியவற்றைச் சைவத்துக்கு ஆக்கிக்கொண்டார். மாத்தளையிற் புரன் அப்பு எழுந்த ஆண்டும் நாவலர் பாடசாலை நிறுவிய ஆண்டும் ஒன்றே. ஒருவர் படையால் எதிர்த்தார். மற்றவர் பாடத்தால் எதிர்த்தார். அரசியாரின் பொன் விழா நடந்த 1887ஆம் ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தனர். கறையானுக்கு இரையாகிய ஏடுகள் உயிர்பெற்ற காலமும் அதுவே. நம் சர்வகலாசாலைப் பேராசிரியர் வி. செல்வநாயகம் தம் தமிழிலக்கிய வரலாற்றில் இப்பகுதியை ஐரோப்பியர் காலம் என்றாரேயன்றி விக்டோரியா காலம் என்றாரல்லர். அதுவும் ஆள வந்தவரைக் கொண்டு இட்ட பெயரே எனினும், ஓர் அரசியின் பெயருக்குள் தமிழை அடைத்துவிடவில்லை.

நம் சங்கத்தையே எடுத்துக் கொள்வோம். வாலிபர் ஒன்றுகூடி, தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என உத்தியோகத்தரைத் தெரிந்து, கூட்டக் குறிப்பு வாசித்து, நன்றியுரை கூறி, ஆண்டு மலர் வெளியிடும் இம்முறை எங்கிருந்து வந்தது? 1844ஆம் ஆண்டு இலண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் தம் தோழரோடு தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கமே இதற்கு மூத்த வடிவம். 1898இற் கொழும்பிற் பௌத்த வாலிபர் சங்கம் எழுந்தது. இந்து வாலிபர் சங்கங்களும் அவ்வழி வந்தன. சமயம் நம்முடையது, சங்கத்தின் சட்டகம் விக்டோரியா காலத்தது. இதனை ஒப்புக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. நெல் நம்முடையதாயின், அளக்கும் படி எங்கே செய்தது என்று கேட்டு யாரும் சோற்றை ஒதுக்குவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பெரியோர் பொறுத்தருள்க. 'இது நம் பண்டை வழக்கம்' என்று நாம் உறுதியாகச் சொல்வனவற்றுள் எல்லாமே பண்டையன அல்ல. கண்டிச் சிங்களவரிடையே முன்னாளில் மணமும் மணமுறிவும் எளிதாய் இருந்தன; உடன்பிறந்தார் இருவர் ஒருத்தியை மணத்தலும் இருந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என விதித்துப் பதிவையும் கட்டாயமாக்கிற்று. அதனைக் கண்டிப் பிரதானிகளே விரும்பிக் கேட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. பதியாத மணத்துப் பிள்ளைகளின் உரிமை கேள்விக்கிடமாயிற்று. அதே 1859இல் திருவிதாங்கூரில், மேலாடை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராடிய நாடார் குலப் பெண்களுக்கு மார்பை மறைக்க அரசாணை கிடைத்தது. அங்கே உடை அடக்கத்தின் விலங்கு அன்று, மானத்தின் விடுதலை. ஆகவே விக்டோரியா காலத்து ஒழுக்கம் நன்றா தீதா என்று ஒரே சொல்லில் முடிவு கூற இயலாது. யார் மேல் யார் விதித்தது, யார் விரும்பி ஏற்றது என ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மகன் மகளைப் பார்த்து 'நம் மரபு இடந்தராது' என்று நாம் சொல்லுமுன், அது திருமுறை தந்த மரபா, அன்றி 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை தந்த மரபா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இத்தொடர்பில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. வைர விழா நடந்த அதே 1897ஆம் ஆண்டின் ஜனவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கிப் பின் கண்டிக்கு எழுந்தருளினார். இவ்வூர் இந்துக்கள் மேள தாளத்தோடு வரவேற்று வாழ்த்துப் பத்திரம் படித்தளித்தனர். அவர் ஏறி வந்தது 1867இற் கண்டிக்கு வந்த புகையிரதப் பாதையில்; கோப்பி மூட்டையைத் துறைமுகம் சேர்ப்பதற்கென்றே போடப்பட்ட பாதை அது. மாத்தளையிலிருந்து அவர் வண்டியில் வடக்கே சென்றார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் முறிந்து வழியில் தங்க நேர்ந்தது. அவர் வடக்கு நோக்கிச் சென்ற அந்தத் தெரு, நம் முன்னோர் தெற்கு நோக்கி நடந்து வந்த அதே தெருவேயாகும். துரைமாருக்காகப் போட்ட பாதையிற் சுவாமிகள் வந்தார். பசியோடு வந்தவர் நடந்த தெருவிலே தர்மத்தின் செய்தி சென்றது. ஒரு காலம் எதற்காக ஒன்றைச் செய்கின்றது என்பதும், அதிலிருந்து மக்கள் எதை ஆக்கிக் கொள்கின்றனர் என்பதும் வெவ்வேறு.

முடிபு

இன்று கண்டிச் சிறுவன் ஒருவனை விக்டோரியா என்றால் என்ன என்று கேட்டால் அணைக்கட்டு என்பான். தெல்தெனியாவுக்கு அருகே மகாவலி கங்கையை மறித்து எழுந்த 122 மீற்றர் உயர அணை அது. பழைய தெல்தெனிய நகரம் அந்நீருள் மூழ்கிற்று. 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதன் திறப்பு விழாவுக்கு வந்தவர் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1983இல், 'விக்டோரியா கால விழுமியங்கள்' மீண்டும் வேண்டும் எனத் தம் நாட்டில் எடுத்துப் பேசியவரும் அவரே. உழைப்பு, சிக்கனம், தன் காலில் நிற்றல் ஆகியவற்றையே அவர் கருதினார். அவை நற்குணங்களே. ஆயினும் அக்குணங்கள் மகாராணியாரின் நாட்டுக்கே உரியன அல்ல. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, அட்டைக் கடியிற் கொழுந்து கொய்து, அரைப் பேர்க் கூலியிலும் மிச்சம் பிடித்து மகனைப் படிக்க வைத்த தாயிடம் அவையெல்லாம் இருந்தன. அவளை யாரும் விக்டோரியன் என்று அழைத்ததில்லை.

ஆகவே அச்சொல்லை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்குக்கு அது உதவும்; ஆங்கில இலக்கியம் படிப்போர்க்கு இன்றியமையாதது. ஆனால் நம் மலைநாட்டு வரலாற்றை எழுதும்போது அப்பெயரை அப்படியே ஒட்டிவிட்டு அமைதல் தகாது. கோப்பிக் காலம், தாது வருடம், தேயிலை வந்த காலம், நடை தெருக் காலம் என நம் முன்னோர் பட்டதைக் கொண்டே பெயரிடுவோமாயின், பெயரோடு பெயராக மனிதரும் நினைவில் நிற்பர்.

இதற்கு நாம் செய்யத்தக்க சிறு பணி ஒன்று உண்டு. நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து, நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எவ்வூரிலிருந்து, எவ்வழியாக, எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஆங்கில ஆண்டு தெரியாவிட்டால் தமிழ் ஆண்டைக் கேட்கலாம். அதுவும் நினைவில்லாவிட்டால் எந்தப் பஞ்சம், எந்த நோய், எந்தத் துரை என்று கேட்கலாம். கணக்கிட்டு ஆண்டைக் கண்டுகொள்ளலாம். எழுதப்படாத ஒரு பிறப்பு என்ன செய்யும் என்பதை நாம் ஒருமுறை பட்டறிந்தோம். அரசியின் பெயர் அணையிலும் பூங்காவிலும் அழியாமல் நிற்கின்றது. நம் பூட்டியின் பெயர் நம் ஏட்டிலாவது நிற்கட்டும்.